இரகசியக் கூட்டத்தின் தலைமைப் பதவிக்கு நம் கரையில் என்ன பெயர்?

1. மண்டபம் தம்பி

அனைவருக்கும் வணக்கம். தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல் கிடைக்காமல் பத்து நாளாகப் பாதியில் நிற்கிறது.

'அசாசின்ஸ் கிரீட்' என்ற கணினி விளையாட்டு இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். முதல் பாகம் 2007இல் வந்தது. மறைவாக இயங்கும் இரண்டு கூட்டங்கள் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பக்கம் கொலையாளிகள், எதிர்ப்பக்கம் டெம்ப்ளர்கள். கொலையாளிகளின் தலைமைப் பதவிக்கு 'மென்டர்' என்று பெயர். முதல் பாகத்தில், 1191இல், சிரியாவின் மஸ்யாஃப் கோட்டையில் அல் முஅலிம் என்ற முதியவர் அந்த இடத்தில் இருக்கிறார். அவரே துரோகி என்று தெரிந்ததும் அவரை வீழ்த்திவிட்டு அவருடைய சீடன் அல்தயிர் தலைவனாகிறான். பிறகு ஒரு பாகத்தில், 1503இல் ரோமில், எட்சியோவுக்கு அந்தப் பதவி வருகிறது. ஆள் மாறுகிறான், ஊர் மாறுகிறது, பதவி மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

அப்படி ஒரு கூட்டம் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் ராமநாதபுரக் கரையில் பாண்டியர் காலம் தொட்டு இருந்தது என்று என் கதை. முழுக்க முழுக்கக் கற்பனை. கூட்டத்துக்குப் பெயரே வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை. தலைவருக்குத்தான் பெயர் வேண்டும். முதலில் 'தலைமை ஆசான்' என்று வைத்தேன். படித்த என் தங்கை, "அண்ணா, இவர் காலையில் கொடி ஏற்றுவாரா?" என்று கேட்டாள். 'பெருங்குரு' என்று மாற்றினேன். இப்போது யோகாசன வகுப்பு நடத்துபவர் போல இருக்கிறார்.

2. பழைய சிலேட்டு

தம்பி, பெயர் வைப்பதற்கு முன் மூலத்தைப் பார்த்துவிடுவோம். முப்பது ஆண்டு வரலாறு நடத்தியவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

விளையாட்டுக்காரர்கள் அந்தக் கூட்டத்தைக் காற்றில் பிடிக்கவில்லை. நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினரை வைத்துச் செய்திருக்கிறார்கள். ஹசன் இ சப்பாஹ் 1090இல் பாரசீகத்தில் அலமுத் கோட்டையைக் கைப்பற்றினார். 1124இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். 1256இல் ஹுலாகுவின் மங்கோலியப் படையிடம் அந்தக் கோட்டை பணிந்தது. சிரியக் கிளையை நடத்தியவர் ரஷீதுத்தீன் சினான். உங்கள் அல் முஅலிம் அவருடைய நகல்.

இனி பதவிப் பெயர்கள். அவர்களுக்குள் 'தாயி' என்பார்கள். அழைப்பு விடுப்பவர் என்று பொருள். ஹசனை 'சையிதுனா' என்றார்கள், 'எங்கள் தலைவர்' என்று. 'மலைக் கிழவர்' என்பது சிலுவைப் போருக்கு வந்தவர்கள் எழுதிவைத்தது. அரபியில் 'ஷேக்' என்றால் முதியவர் என்றும் பொருள், தலைவர் என்றும் பொருள். வந்தவர்கள் நரைத்த தாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தமிழிலும் இதே கதைதான். பழந்தமிழில் கிழவன் என்றால் உரியவன், தலைவன். தொல்காப்பியத்தில் வருகிற கிழவனுக்குப் பல் எல்லாம் இருக்கிறது, காதலிக்கிறான். ஊருக்கு உரியவர் கிழார். இதற்கு நம் ராமநாதபுரத்தைத் தாண்டி எங்கும் போக வேண்டாம். 1671 முதல் 1710 வரை ஆண்டு, போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்த ரகுநாத சேதுபதியை இன்றும் கிழவன் சேதுபதி என்றுதான் சொல்கிறோம். என் ஓட்டு 'கிழவன்' என்ற பெயருக்கு.

3. சைக்கிள் கடை

ஐயா, "கிழவன் கூப்பிடுகிறார்" என்று எங்கள் தெருவில் சொன்னால், மருந்து வாங்கப் பணம் கொடுத்து அனுப்புவார் என்று எல்லாரும் ஓடி ஒளிந்துகொள்வார்கள். அந்த வகையில் இரகசியம் காக்கப்படும்தான்.

4. சங்குவளை

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். சிலேட்டு ஐயாவின் கிழவன் அழகாகத்தான் இருக்கிறார். ஆனால் தம்பி, விடையை உன் கேள்வியிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறாய்.

அல் முஅலிம் என்பது ஓர் ஆளின் பெயர் அன்று. முஅல்லிம் என்றால் கற்றுக்கொடுப்பவர். பள்ளிவாசலில் ஓதிக்கொடுப்பவரும் முஅல்லிம்தான். அதே சொல் கடலில் இறங்கியதும் இன்னொரு பொருள் பெற்றது. நட்சத்திரம் பார்த்து, காற்றுப் பார்த்து, தண்ணீரின் நிறம் பார்த்துக் கப்பலுக்கு வழி சொல்பவரை அரபுக் கடலோடிகள் முஅல்லிம் என்றார்கள். கப்பலுக்குப் பொறுப்பாளர் நாகுதா. வழிக்குப் பொறுப்பாளர் முஅல்லிம்.

அந்தச் சொல் நம் கரையில் ஏறி என்ன ஆயிற்று என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். முஅல்லிம், மாலிம், மாலுமி.

ஆக விளையாட்டில் இருக்கும் அந்த 'மென்டர்' பதவிக்குத் தமிழ்ச் சொல் மாலுமி. நீ புதிதாக எதையும் செதுக்க வேண்டியதில்லை. இன்று கப்பலில் வேலை செய்யும் எவரையும் மாலுமி என்கிறோம். வழி சொல்பவர், கயிறு இழுப்பவர், தளம் கழுவுபவர், எல்லாரும் மாலுமி. மறைந்து வாழ வேண்டிய ஒருவருக்கு இதைவிட வசதியான பட்டம் கிடைக்குமா? பத்துப் பேர் முன்னால் அவரைப் பட்டம் சொல்லியே கூப்பிடலாம். பத்துப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

5. மண்டபம் தம்பி

லாத்தா! பேச்சு வரவில்லை. தங்கையிடம் சொன்னேன், "இதைக் கீழக்கரையில் கேட்டிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்" என்கிறாள்.

ஒரு சந்தேகம். நாகுதாதானே மேலே? வழி சொல்பவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் இல்லையா? தலைமைப் பதவிக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

6. தண்டல் மகன்

பாம்பன்காரன் பதில் சொல்கிறேன். எங்களிடம் படகு சம்மாட்டியுடையது. முதல் அவர் போட்டது, கணக்கு அவர் பார்ப்பார். கரையில் நிற்கும்வரை அவர் பேச்சுத்தான். படகு கிளம்பிவிட்டால் படகை நடத்தும் தண்டல் பேச்சு. சம்மாட்டியே படகில் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். மேல் கீழ் என்பதெல்லாம் எங்கே நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது, தம்பி.

பாம்பன் கால்வாயில் கப்பல் கடப்பதைப் பார்த்திருப்பாய். ரயில் பாலம் திறக்கக் காத்திருக்கும் கப்பலில் உலகம் சுற்றிய கேப்டன் இருப்பார். ஆனாலும் இந்த இடத்தில் வழிகாட்டி ஏறி நின்றால்தான் கப்பல் நகரும். இரண்டு பக்கமும் பாறை. தெற்கே ஆண் கடல், வடக்கே பெண் கடல், நடுவில் இழுக்கும் நீரோட்டம். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தாண்டியதும் வழிகாட்டி இறங்கி, டீ குடிக்கப் போய்விடுவார்.

உன் தலைவருக்கு அவ்வளவு அதிகாரம் போதும். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்.

7. உப்புக்கணக்கு

நல்ல பேச்சு. ஆனால் ஓட்டை இருக்கிறது.

கதை பாண்டியர் காலத்தில் தொடங்குகிறது என்றார் தம்பி. எந்தப் பாண்டியர்? அழகன்குளத்தில் ரோமானிய மண்பாண்டத் துண்டுகள் கிடைக்கும் காலம் என்றால் அப்போது அரபுச் சொல் ஏது? சங்கப் பாடலில் கப்பலுக்கு வழி காட்டுபவன் 'நீகான்'. பிறகு 'மீகாமன்'. வணிகக் குழுக்கள் கோலோச்சிய காலத்தில் இன்னொரு பெயர் வருகிறது. சுமத்ரா தீவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டில் 'மரக்கல நாயன்' என்று இருக்கிறது. கப்பலுக்குத் தலைவன். அந்த ஆள் கஸ்தூரி விலைக் கணக்கில் பொன் கட்ட வேண்டும் என்பது அங்கே செய்த ஏற்பாடு. கொலையாளிக் கூட்டமாக இருந்தாலும் வரி கட்டித்தான் ஆக வேண்டும் என்பதைத் தம்பி குறித்துக்கொள்ளவும்.

நம் பக்கத்திலேயே தொண்டிக்கு அருகில் தீர்த்தாண்டதானம் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அஞ்சுவண்ணத்தார், மணிக்கிராமத்தார், சாமந்தப் பண்டசாலிகள் என்று வரிசையாகப் பல வணிகக் குழுவினர் ஒரே இடத்தில் கூடி முடிவெடுக்கிறார்கள். இரகசியக் கூட்டத்துக்குச் சபை வேண்டுமென்றால் இதைவிட நல்ல மறைப்பு கிடைக்காது. அத்தனை பேர் நடுவில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் யார் கணக்கெடுப்பார்கள்?

ஆகவே நீகான், மீகாமன், மரக்கல நாயன், அப்புறம்தான் மாலுமி. காலத்துக்கு ஒரு பெயர், வேலை ஒன்றே. இதைப் பட்டியலாகக் கதைக்குள் போட்டுவிடாதே, தயவுசெய்து. ஒவ்வொரு பெயரும் அந்தந்த அத்தியாயத்தில் யாராவது ஒருவர் வாயில் வந்தால் போதும்.

8. சைக்கிள் கடை

ராமேஸ்வரம் கோயில் தூணில் டெம்ப்ளர்களின் குறி இருப்பதாக வீடியோ ஒன்று பார்த்தேனே?

9. உப்புக்கணக்கு

நானும் பார்த்தேன். அந்த ஆள் விட்டால் தேங்காய் உடைக்கும் கல்லிலும் குறி கண்டுபிடிப்பார். இல்லை.

ஆனால் நீங்கள் கிளப்பியதால் எதிர்ப்பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது வீடியோவைவிடச் சுவையானது.

டெம்ப்ளர் என்ற கிறித்தவப் போர்த்துறவிகளின் அமைப்பு 1119இல் ஜெருசலேமில் தொடங்கியது. முதல் பெருந்தலைவர் ஹூக் டி பயன். விளையாட்டில் 1191இல் கொல்லப்படும் ராபர்ட் டி சாப்ளேவும் உண்மையான பெருந்தலைவர்தான், உண்மையில் அவர் இறந்தது 1193இல். 1307 அக்டோபர் 13 அன்று பிரான்ஸ் அரசன் அவர்களைக் கூண்டோடு பிடித்தான். 1312இல் போப் அமைப்பைக் கலைத்தார். 1314இல் கடைசிப் பெருந்தலைவர் ஜாக் டி மோலேயைப் பாரீஸில் எரித்தார்கள். எல்லாரும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள்.

போர்ச்சுக்கலில் மட்டும் நிற்கவில்லை. அங்கே 1319இல் பெயரை மாற்றிக் 'கிறிஸ்துவின் சபை' என்று புதிய அமைப்பு ஆக்கினார்கள். டெம்ப்ளர்களின் சொத்து அதற்குப் போயிற்று. 1420இல் இளவரசர் ஹென்றி அதன் நிர்வாகி ஆனார். ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கப்பல்களை அனுப்பினாரே, அவர்தான். போர்ச்சுக்கீசியப் பாய்களில் பெரிதாகச் சிவப்புச் சிலுவை இருக்கும், அது இந்தச் சபையின் சின்னம்.

அந்தச் சிலுவையின் வம்சம் எங்கே வந்து நின்றது தெரியுமா? வேதாளையில். மண்டபம் தம்பிக்கு சைக்கிள் மிதிக்கிற தூரம். 1538இல் மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசா நடத்திய போர்ச்சுக்கீசியக் கப்பற்படை, கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் பக்கத்து மரக்காயர் படையை வேதாளையில்தான் முறியடித்தது. 1549இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைக் குருவானவர் கொல்லப்பட்டதும் அங்கேதான். இதற்கு மேல் ஒரு கதாசிரியனுக்கு என்ன வேண்டும்?

பதவி என்று எடுத்துக்கொண்டால் இன்னும் ஒன்று. 1551இல் அந்தச் சபையின் பெருந்தலைமையைப் போர்ச்சுக்கல் அரசர்களுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார் போப். அதோடு முடிந்தது. மகுடத்தில் பதித்த கற்களில் அதுவும் ஒரு கல்.

10. சங்குவளை

இது எனக்குத் தோன்றவே இல்லை, காக்கா. ஒரு பதவி மேலே ஏறி ஏறி அரசன் தலையில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று கீழே இறங்கி இறங்கி ஆயிரம் பேருடைய பிழைப்பாகிவிட்டது. கடைசியில் எந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது?

11. பழைய சிலேட்டு

நம் சேதுபதி பட்டத்துக்கும் அதுதான் நேர்ந்தது, அம்மா. 1605 வாக்கில் சடைக்கன் சேதுபதியை மதுரை நாயக்கர் அங்கீகரிக்கிறார். சேதுவைக் காப்பவன் என்று பெயர், யாத்திரை வருபவர்களுக்குப் பாதுகாப்பு என்று வேலை. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கும்பினியார் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தார்கள். 1803இல் ஜமீன் என்றாக்கி, கிஸ்தி கட்டச் சொன்னார்கள். பட்டம் அதேதான், உள்ளே இருந்த வேலை போய்விட்டது.

கிழவனுக்குப் போட்ட என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன். மனமில்லாமல்தான்.

ஆனால் துணைத்தலைவர் பதவிக்கு ஒருவரைச் சிபாரிசு செய்வேன். கடல் கட்டி. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கும்போது சுறா வாயைக் கட்டுவதற்கென்றே மந்திரக்காரர் ஒருவர் இருப்பார். அவர் வராவிட்டால் ஒருவனும் கடலில் குதிக்க மாட்டான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ இவர்களைப் பற்றிச் சொல்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறா கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. அதைவிட முக்கியமான செய்தி, பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் யாரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்கக்கூடாது என்பதற்காக! மந்திரம் பலித்ததோ இல்லையோ, காவல் பலித்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலும் இது பரம்பரைப் பதவியாக இருந்தது. அப்போது மன்னார்க் கரையில் அந்தக் குடும்பத் தலைவர் கத்தோலிக்கர் என்று இலங்கையில் பதவி வகித்த பிரிட்டிஷ்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். குளிப்பவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். சுறாவைப் பொறுத்தவரை ஒருவருக்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

12. மண்டபம் தம்பி

கட்டை இரவில் அவிழ்ப்பது! ஐயா, அதை அப்படியே ஒரு அத்தியாயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிக் கேள்வி. விளையாட்டில் கூட்டத்தில் சேருபவனுக்கு இடக்கை மோதிர விரலை வெட்டுவார்கள். மணிக்கட்டில் மறைத்துவைத்த கத்தி வெளியே வர அந்த விரல் தடை. அல்தயிர் தலைவனானதும் கத்தியின் அமைப்பையே மாற்றி, விரல் வெட்டுவதை நிறுத்துகிறான். தலைவன் என்றால் சடங்கில் கை வைக்கத் துணிய வேண்டும் என்பது அதில் எனக்குப் பிடித்தது. நம் மாலுமியைத் தேர்ந்தெடுக்க என்ன சடங்கு? அம்பு, வாள் என்று எழுதினால் ராஜா கதை ஆகிவிடுகிறது.

13. தண்டல் மகன்

கயிறு.

என் பாட்டனார் சங்கு குளிக்கப் போனவர்களுக்கு மேலே கயிறு பிடித்தவர். அவருக்கு நீச்சல் தெரியும், ஆனால் குளிக்கப் போனதில்லை. கீழே போகிறவன் கல்லில் கால் வைத்து இறங்குவான். ஐந்தாறு பாகம் ஆழம். அவன் மூச்சு இவர் கையில் இருக்கிறது. பாட்டனார் தண்ணீரைப் பார்க்க மாட்டாராம். பார்த்தால் வெயில் பட்டுக் கண் ஏமாற்றும் என்பார். கயிற்றைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் தளர்வாக வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி இருப்பார். யாராவது பீடி நீட்டினால் தலையை மட்டும் ஆட்டுவார். நீரோட்டம் இழுப்பது ஒரு மாதிரி, பாறையில் உரசுவது ஒரு மாதிரி, ஆள் இழுப்பது ஒரு மாதிரி. மூன்றும் அந்த விரலுக்குத் தெரியும். நான் பார்த்த காலத்தில் அவர் தொழிலை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது. அந்த இரண்டு விரல் நடுவே தோல் மரத்துப்போய்ப் பள்ளம் விழுந்திருக்கும். திண்ணைக் கட்டிலில் தூங்கும்போதும் கட்டில் கயிற்றை அங்கே வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

முத்துக் குளிப்பவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று சொல்வார்கள், கேட்டிருப்பாய். சொந்தத் தம்பி பிடித்தால்கூடச் சொத்துக்கு ஆசைப்படலாம். மச்சான் விடமாட்டான், அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறது.

உன் சடங்கு அதுதான். தலைவராகப் போகிறவன் யாரையும் கொல்ல வேண்டாம். கூட்டத்தில் தனக்கு ஆகாதவன் எவனோ, அவன் கீழே இறங்க இவன் மேலே கயிறு பிடிக்கட்டும்.

14. சங்குவளை

இறங்குகிறவன் பாடும் சேர்த்து எழுது, தம்பி. ஆகாதவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்க அதைவிடத் துணிச்சல் வேண்டும்.

15. சைக்கிள் கடை

எங்கள் வீட்டில் மச்சானுக்கும் எனக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. நல்லவேளை, பஞ்சர் ஒட்டும் தொழிலில் கயிறு கிடையாது.

16. மண்டபம் தம்பி

இரண்டு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், எழுதிக்கொண்டிருந்தேன். வேதாளைச் சண்டை முடிந்து மூன்றாம் நாள், 1538, மாசி மாதம். சிறு பகுதி:

"படகில் ஏழு பேர். யார் மாலுமி என்று கேட்டான் வந்தவன். ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள். அவன் சிரித்தான், அவர்களும் சிரித்தார்கள். கச்சான் காற்று பாயைப் படபடவென்று அடித்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த எட்டாவது ஆள் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவன் விரலில் கயிறு இருந்தது, கீழே ஆள் இருந்தான்."

தங்கை படித்துவிட்டாள். இந்த முறை கொடி ஏற்றுவாரா என்று கேட்கவில்லை. "கீழே இருப்பவன் யார்?" என்று மட்டும் கேட்டாள்.

17. உப்புக்கணக்கு

படகில் ஏழு பேர் என்று தொடங்கிவிட்டு எட்டாவது ஆள் எங்கிருந்து வந்தான் என்று கேட்கத்தான் வந்தேன். இரண்டாம் தடவை படித்ததும் புரிந்தது. இருக்கட்டும், திருத்தாதே.

18. தண்டல் மகன்

மாசியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் எங்கிருந்து வந்தது, தம்பி? வாடை என்று மாற்று. பாய் கட்டியிருக்கும் பக்கத்தையும் பார்த்துக்கொள், ஆள் கீழே இருக்கும்போது பாயை விரித்து வைக்க மாட்டார்கள்.